செம்பனைத் தோட்டத்தில் பாலும் உண்டு, மின்சாரமும் உண்டு!

பச்சைப் புல்வெளியில் பசுமாடு மேயும் படம் போட்ட பால்மாவு டின்கள் நம் கடைகளில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் நியூசிலாந்திலிருந்து வருபவை நிறைய. படத்தில் புல் மட்டுமே தெரியும். ஆனால் அந்நாட்டுப் பசுக்கள் புல்லோடு இன்னொன்றையும் தின்கின்றன. செம்பனைப் பருப்பில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்குதான் அது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து அது கப்பலேறுகிறது. நம் பக்கத்துப் புண்ணாக்கு அங்கே போகிறது. அங்கிருந்து பால்மாவு இங்கே வருகிறது. இரண்டு பயணத்துக்கும் கப்பல் கூலி கொடுப்பவர் யார்? கடைசியில் டின் வாங்கும் இல்லத்தரசிதான்!

கதை பாலோடு முடியவில்லை. மலேசியாவுக்குத் தேவையான மாட்டிறைச்சியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தீபாவளிக்கு வாங்கும் ஆட்டிறைச்சியிலும் பெரும்பகுதி இறக்குமதிதான். கோழி இங்கேயே வளர்கிறது. ஆனால் அது தின்னும் மக்காச்சோளம் கப்பலில் வருகிறது. 2022ஆம் ஆண்டில் தீவன விலை ஏறியபோது கோழிக்குத் தட்டுப்பாடு உண்டானது. அவ்வாண்டு ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

மறுபக்கம் பார்த்தால், மலேசியாவில் சுமார் 5.6 மில்லியன் ஹெக்டர் நிலத்தில் செம்பனை நிற்கிறது. அந்த நிலம் எண்ணெய் மட்டும்தான் தர வேண்டுமா? பால், இறைச்சி, மின்சாரம், உரம் ஆகியவற்றையும் சேர்த்துத் தர முடியாதா? முடியும். அதற்கான வழிக்கு ஒருங்கிணைந்த விவசாயம் என்று பெயர்.

ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி

பயிர் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் செய்யாமல், ஒன்றில் மிஞ்சுவதை இன்னொன்றுக்குத் தீனியாகக் கொடுத்துச் சங்கிலிபோல் கோத்துச் செய்வதே ஒருங்கிணைந்த விவசாயம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வியட்நாம். தோட்டம், குளம், தொழுவம் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அங்கே இதை 'வி.ஏ.சி.' என்கிறார்கள். தொழுவத்துச் சாணம் குளத்துக்கும் தோட்டத்துக்கும் போகும். குளத்துச் சேறு தோட்டத்துக்கு உரமாகும். தோட்டத்துக் கீரையும் தழையும் தொழுவத்துக்குத் திரும்பும்.

வெப்ப மண்டல நாடுகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். ஆண்டு முழுவதும் வெயில் உண்டு, மழை உண்டு. பனிக்காலம் என்று பயிர் நின்றுபோவதில்லை. ஆனால் அதே மழைதான் மண்ணின் சத்தை அரித்துக்கொண்டு போகிறது. வெப்பத்தில் மக்கும் பொருள்கள் சீக்கிரம் மக்கிக் கரைந்துவிடுகின்றன. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்காவிட்டால் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போட வேண்டியதுதான். செம்பனைக்கு அதிகம் தேவைப்படும் பொட்டாஷ் உரம் மலேசியாவில் கிடைப்பதில்லை. முழுக்க முழுக்க இறக்குமதி. 2021, 2022ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் அதன் விலை எகிறியபோது சிறு தோட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தோட்டப்புறம் அறிந்த பாடம்

மாட்டையும் மரத்தையும் ஒன்றாக வைப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. தோட்டப்புறங்களில் லயத்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். காலையில் மரம் வெட்டப் போவார்கள். மாலையில் மாட்டைப் பார்ப்பார்கள். பால்மரக் காட்டில் மாடு மேயும். பால் விற்ற காசில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஓடும். சாணம் காய்கறிப் பாத்திக்குப் போகும். 'ஒருங்கிணைந்த விவசாயம்' என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் செய்தது அதைத்தான்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. மாடு தொழிலாளியுடையது, நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. மேய்ச்சல் என்பது நிர்வாகி மனம் வைத்துக் கொடுத்த அனுமதி. எழுத்தில் எதுவும் இருக்காது. தோட்டம் கைமாறியபோதும், வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டபோதும், முதலில் போனது மாடு. நகரத்து அடுக்குமாடி வீட்டில் பசுவை எங்கே கட்டுவது?

மரத்தடியில் மேய்ச்சல்

இன்று செம்பனை மரத்தடியில் மாடு மேய்ப்பது ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பரிசோதித்த ஒரு முறை. அவிழ்த்து விட்டுவிட்டால் போதும் என்பதல்ல. மின்வேலியால் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். வேலிக்கான மின்சாரத்தைச் சிறிய சூரியத் தகடு கொடுக்கும். ஒரு பகுதியில் சில நாள் மேய்ந்ததும் மந்தையை அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து மீண்டும் முதல் பகுதிக்கு வரும்போது புல் தழைத்திருக்கும்.

கணக்கும் முக்கியம். நன்கு வளர்ந்த செம்பனைக் காட்டில் நிழல் அடர்த்தி, புல் குறைவு. ஆகவே நான்கு ஹெக்டருக்கு ஒரு மாடு என்ற அளவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதற்கு மேல் விட்டால் மாடு இளைக்கும், மண் இறுகும். இளஞ்செடிகள் உள்ள காட்டிலும் மாட்டை விடக்கூடாது. குருத்தைக் கடித்துவிடும். மரத்துக்கு மூன்று வயதாவது ஆக வேண்டும்.

இதில் தோட்டக்காரருக்கு என்ன லாபம்? களையெடுக்கும் செலவு குறையும். முறையாக மேய்த்த இடங்களில் அந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

களைக்கொல்லிக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் உள்ள தொடர்பை இங்கே மறக்க முடியாது. தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அப்போது அதிகம் பயன்பட்ட பாராகுவாட் கொடிய நஞ்சு. மலேசியா 2002இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, பிறகு 2020 ஜனவரி முதல் தேதி முழுமையாகத் தடை செய்தது. மாடு தின்று தீர்க்கும் ஒவ்வொரு கட்டுப் புல்லும் யாரோ ஒருவர் சுவாசிக்க வேண்டியிருந்த மருந்தைக் குறைக்கிறது. மாடு தொடாத முட்செடிகளையும் கட்டைச் செடிகளையும் கையால் வெட்டிவிட்டால் போதும்.

புல் பற்றாத மாட்டுக்குத் தோட்டத்திலேயே வேறு தீனியும் இருக்கிறது. குலை வெட்டும்போது கீழே விழும் மட்டையைத் துண்டாக்கிக் கொடுக்கலாம். மட்டையில் நார் அதிகம், புரதம் குறைவு. அந்தக் குறையைப் புண்ணாக்கு தீர்க்கும். அதில் 14 முதல் 18 விழுக்காடு வரை புரதம் உண்டு. ஆனால் ஆடு வளர்ப்போர் கவனிக்க வேண்டும். இந்தப் புண்ணாக்கில் உள்ள செம்புச் சத்து மாட்டுக்கு ஒத்துப்போகும். செம்மறி ஆட்டுக்கு அளவு மீறினால் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். மட்டையையும் முழுவதுமாக அள்ளக்கூடாது. காட்டிலேயே மக்கும் மட்டைதான் அடுத்த ஆண்டுக்கான உரம்.

கழிவுநீரில் பிறக்கும் நெருப்பு

இனி எரிசக்திக்கு வருவோம். ஆலைக்குப் போகும் 100 கிலோ குலையில் எண்ணெய் 20 கிலோ அளவுதான். பழம் உதிர்த்த வெறுங்குலை மட்டுமே 22 கிலோ அளவுக்கு மிஞ்சும். நாரும் ஓடும் கொதிகலனில் எரிந்து ஆலைக்கு வேண்டிய நீராவியைத் தரும். இவற்றோடு ஒவ்வொரு டன் குலைக்கும் ஏறத்தாழ 650 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். பழுப்பு நிறம், கெட்டி, கொதிக்கக் கொதிக்க 80 பாகை சூடு!

அந்த நீர் அப்படியே ஆற்றில் கலந்தால் மீன் பிழைக்காது. 1970களில் பல ஆறுகள் அப்படித்தான் கெட்டன. 1977ஆம் ஆண்டில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. ஆலைகள் பெரிய குளங்களை வெட்டிக் கழிவுநீரை மாதக்கணக்கில் தேக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கின. ஆறு தப்பித்தது. ஆனால் குளத்திலிருந்து குமிழ் குமிழாக மீத்தேன் வாயு வானத்துக்குப் போனது. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கு வலிமையானது.

அந்த வாயு எப்படி உண்டாகிறது? தோசை மாவு புளிப்பதை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று புளிப்பையும் குமிழையும் உண்டாக்குகின்றன. காற்றுப் புகாத தொட்டியில் கழிவுநீரை அடைத்தால் இதேபோல் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். குளத்தை மூடிவிட்டால் போதும்; வீணாகிற வாயு எரிபொருளாகிவிடும். குளிர் நாடுகளில் இந்தத் தொட்டியைச் செலவு செய்து சூடாக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்தச் செலவே இல்லை.

ஒரு டன் குலையின் கழிவுநீரிலிருந்து சுமார் 18 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதைக் கொண்டு ஏறத்தாழ 35 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் ஆண்டுக்கு 34 டன் குலை அனுப்பினால், அவருடைய குலையின் கழிவுநீர் மட்டும் 1,200 யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். எண்ணெயில் ஒரு சொட்டும் குறையாமல் கிடைக்கும் மின்சாரம் இது.

தென்னமரம் சொல்லும் கதை

சிலாங்கூரில் 'தென்னமரம்' என்று தமிழ்ப் பெயரிலேயே ஒரு தோட்டம் உண்டு. மலாயாவில் செம்பனை வாணிப முறையில் முதன்முதலாக நடப்பட்ட தோட்டம் அது, ஆண்டு 1917. அதே தென்னமரம் ஆலையில்தான் 1980களின் தொடக்கத்திலேயே கழிவுநீரிலிருந்து வாயு எடுக்கும் திட்டமும் நடந்தது. அதாவது, தொழில்நுட்பம் கைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. இத்தகைய மின்சாரத்தை நிர்ணயித்த விலையில் மின்கட்டமைப்புக்கு விற்கும் திட்டமும் அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கியது. புதிய ஆலைகள் மீத்தேனைப் பிடிக்கும் வசதியோடுதான் கட்டப்பட வேண்டும் என்ற விதி 2014இல் நடைமுறைக்கு வந்தது. கோலகுபு பாரு பக்கத்தில் சுங்கை தெங்கி ஆலையில் 2015இல் இந்த வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, லாரியில் ஏற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பவும் செய்தார்கள்.

இருந்தும், நாட்டிலுள்ள ஏறத்தாழ 450 ஆலைகளில் ஒரு பகுதி மட்டுமே வாயுவைப் பிடிக்கின்றன. காரணம் என்ன? ஆலைகள் பல உட்பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து மின்கம்பி இழுத்துக் கட்டமைப்போடு சேர்க்கும் செலவு ஆலையின் தலையில் விழுகிறது. ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை நாரும் ஓடும் ஏற்கெனவே கொடுத்துவிடுகின்றன. விற்க வழியில்லாத மின்சாரத்தை யார் முதல் போட்டு எடுப்பார்?

நான்கு மாடு, ஓர் அடுப்பு

ஆலை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. வெப்ப மண்டலக் கால்நடை வளர்ப்பில் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் தாமஸ் பிரெஸ்டனும் அவருடன் உழைத்தவர்களும் கொலம்பியாவிலும் பிறகு வியட்நாமிலும் ஏழை விவசாயிகளிடம் ஒரு மலிவான முறையைப் பரப்பினார்கள். நீளமான பிளாஸ்டிக் குழாய்ப் பையை இரண்டு அடுக்காகப் போட்டுக் குழியில் படுக்க வைக்க வேண்டும். ஒரு முனையில் சாணத்தையும் தண்ணீரையும் கரைத்து ஊற்ற வேண்டும். மறுமுனையில் கரைசல் வழியும். மேலே சேரும் வாயுவைக் குழாய் அடுப்புக்குக் கொண்டு போகும். வாயு மிகுந்தால் வெளியேற வழிசெய்யத் தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் போத்தலே போதும்.

பகலில் மேய்ந்து இரவில் கொட்டகைக்குத் திரும்பும் நான்கு மாடுகள் ஓரிரவில் இருபது கிலோவுக்கு மேல் சாணம் போடும். அதில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஓர் அடுப்பு இரண்டு, மூன்று மணி நேரம் எரியும். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு 14 கிலோ எரிவாயுத் தோம்புக்குச் சமம்.

"அவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. மலேசியாவில் உதவித்தொகையால் ஒரு தோம்பு முப்பது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைத்துவரும் நிலையில், வாயுவுக்காக மட்டும் இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. உண்மையான ஆதாயம் மறுமுனையில் வழியும் கரைசலில் இருக்கிறது. வாயு பிரிந்த பிறகும் சாணத்தின் தழைச்சத்து பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடும். துர்நாற்றம் குறையும், ஈ மொய்ப்பது குறையும். கீரைக்கும் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் அது முதல்தர உரம்.

வயிறு முதலில், இயந்திரம் பிறகு

எரிசக்தி என்றதும் இன்னொரு கேள்வி எழும். செம்பனை எண்ணெயையே டீசலில் கலக்கிறார்களே, அதுவும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திதானே? ஆம். மலேசியாவில் வாகன டீசலில் பத்து விழுக்காடு கலக்கும் பி10 திட்டம் 2019இல் வந்தது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சமையலுக்கு ஆகும் எண்ணெயை இயந்திரத்துக்கு ஊற்றும்போது வயிறும் வண்டியும் ஒரே பொருளுக்குப் போட்டி போடுகின்றன. கழிவுநீரிலும் சாணத்திலும் எடுக்கும் வாயுவுக்கு அந்தப் போட்டி இல்லை.

ஒருங்கிணைந்த விவசாயத்தின் வரிசை இதுதான்: மனிதர் உண்ணக்கூடியது மனிதருக்கு, மாடு உண்ணக்கூடியது மாட்டுக்கு, இரண்டுக்கும் ஆகாதது அடுப்புக்கும் இயந்திரத்துக்கும், கடைசியில் மிஞ்சுவது மண்ணுக்கு. இந்த வரிசை மாறினால் சங்கிலி அறுந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாண வாயுத் தொட்டிக்குள் யாரும் தனியாக இறங்கக்கூடாது. அதில் உருவாகும் ஐதரசன் சல்பைடு நொடியில் மயக்கி உயிரைப் பறிக்கும். வாயு கசிந்தால் அதைப் பிடிப்பதன் பயன் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். வெறுங்குலையைக் காட்டில் ஓர் அடுக்காகப் பரப்பினால் பொட்டாஷ் சத்து மண்ணுக்குத் திரும்பும். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளம் மரங்களைத் துளைக்கும். மருந்தடித்த காட்டில் மாட்டை மேய விடுவது கூடவே கூடாது.

யார் யாரோடு சேர்வது?

எல்லாம் இருந்தும் சங்கிலி ஏன் இன்னும் கோக்கப்படவில்லை? ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொருவர் கையில் இருப்பதே காரணம். குலை தோட்டக்காரருடையது. கழிவுநீர் ஆலையுடையது. புண்ணாக்கு, பருப்பு அரைக்கும் வேறொரு ஆலையுடையது. அது மொத்தமாக ஏற்றுமதிக்குப் போகிறது. மாடு வளர்க்கும் கைப்பழக்கம் உள்ளவரிடம் நிலம் இல்லை. நிலம் உள்ள நிறுவனத்துக்கு மாடு தலைவலி. வியட்நாம் விவசாயிக்குத் தோட்டமும் குளமும் தொழுவமும் ஒரே வீட்டில் இருந்ததால் வேலை சுலபமாயிற்று. இங்கே ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசினால் நடக்கும் காரியங்கள் இருக்கின்றன. மாடு வளர்ப்போர் கூட்டுறவாகச் சேர்ந்தால் புண்ணாக்கை மொத்த விலையில் வாங்கலாம். மேய்ச்சல் உரிமையை வாய்ச்சொல்லாக விடாமல், எத்தனை மாடு, எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, மரம் சேதமானால் யார் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தமாக்கலாம். சிறு தோட்டக்காரர் மறுநடவு செய்யும்போது முதல் மூன்று ஆண்டுகள் குலை வருமானம் இருக்காது; அந்தக் காலத்தில் வரிசைகளுக்கு இடையே சோளம், வாழை, அன்னாசி போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றலாம். இரட்டை வரிசையாக மரத்தை நட்டு நடுவில் பதினைந்து மீட்டர் அகல இடைவெளி விடும் முறையில், மரம் வளர்ந்த பிறகும் பயிர் செய்ய வெளிச்சம் கிடைக்கும்.

செம்பனை மரத்தின் வருமான ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. இன்று நடப்படும் கன்று 2050 வரை அந்த நிலத்தில் நிற்கும். மாட்டுக்கும் பயிருக்கும் இடம் விட்டு நடுவதா, வழக்கம்போல் நெருக்கி நட்டுவிடுவதா என்பதை நடுகிற வாரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். ஐந்து ஏக்கரில் மறுநடவுக்குத் தயாராகும் குடும்பங்கள், கயிறு பிடித்து அளந்து குழி வெட்டத் தொடங்கும் முன்னரே மாடு வளர்ப்பவரையும், உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தையும், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் அதிகாரியையும் ஒருமுறை கண்டு பேசிவிடுவது நல்லது.